இறக்குங்க என்று சொல்லும்வரை

அந்த மாலையில் கடைசியாக நடந்த சாதாரண விஷயம் ஒரு தலையணைச் சண்டை.

கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி, அதன்மேல் பிஸ்கட் டப்பா, டப்பாவில் சாய்த்து வைத்த கைப்பேசி. எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு அவர் மனைவியின் தலைக்கு இரண்டாவது தலையணையைக் கொடுக்கப் போனார். அவள் அதைப் பிடுங்கித் தரையில் போட்டாள்.

"ரெண்டு தலையணை வெச்சா மகாராணி மாதிரி தெரிவேன். அந்தப் பொண்ணு பயந்துடும்."

"அவளுக்கு உன் மூஞ்சி எங்க தெரியுது? காலுதானே தெரியுது."

"அதான் தைரியமா வேலை வாங்கறா."

வலது முழங்காலுக்குச் செயற்கை மூட்டு வைத்து அனுப்பிவிட்டார்கள். வீடு நான்காவது மாடியில். லிஃப்ட் ஓடிய காலத்தை அங்கே குடியிருந்தவர்களே மறந்துபோயிருந்தார்கள். பயிற்சிக்கு ஏறி இறங்க வேண்டாம், வீடியோவிலேயே சொல்லித்தருகிறோம் என்றது மருத்துவமனை. மாலைதோறும் ஒரு இளம்பெண் திரையில் வந்தாள். பிசியோ பெண் என்றுதான் வீட்டில் அவளுக்குப் பெயர்.

"தொடைய இறுக்குங்கம்மா. கால தூக்குங்க. பிடிங்க, பிடிங்க... இறக்குங்க. நல்லது. மறுபடி தூக்குங்க."

இறக்குங்க, நல்லது, மறுபடி தூக்குங்க. மூன்றும் ஒரே மூச்சில் வரும். நடுவில் ஒரு கொட்டாவிக்குக்கூட இடம் கிடையாது. "இவளுக்குக் கல்யாணம் ஆகட்டும். புருஷன் அரிசி மூட்டைய இறக்கினாலும் மறுபடி தூக்குங்கன்னுதான் சொல்லுவா" என்று மனைவி சிரிப்பாள். ஆனால் சொன்னதை மீற மாட்டாள். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் டிரில் டீச்சராக இருந்தவள். ஒருமுறை பிள்ளைகளைக் கையைத் தூக்கச் சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் கூப்பிட்டாரென்று போனாளாம். பேச்சு வளர்ந்துவிட்டது. திரும்பி வந்தபோது மைதானத்தில் ஒரு கைகூட இறங்கவில்லை. சிலது அழுதுகொண்டிருந்ததாம். "நான் சொல்லலையே, எப்படி இறக்குவாங்க?" என்பாள். சொல்லும்போது பெருமையாக ஆரம்பித்து, கடைசியில் குரல் கொஞ்சம் தணிந்துவிடும்.

அன்று படுத்தவுடன் அவள் காலைத் தடவினாள்.

"கெண்டைக்கால் காலைலேர்ந்து கல்லு மாதிரி இருக்குங்க."

"அவகிட்ட சொல்லு."

"சொன்னா நிறுத்திடுவா. முதல்ல இத முடிச்சுடறேன்."

அழைப்பு வந்தது. தொடையை இறுக்கினாள். காலைத் தூக்கினாள். பிசியோ பெண் "பிடிங்க" என்றாள்.

படம் அப்படியே நின்றது. பாதி திறந்த வாய். அதன்மேல் சுற்றும் ஒரு வெள்ளை வளையம்.

"இறக்கும்மா. நெட்டு போச்சு."

"அவ சொல்லல."

"படமே நின்னுடுச்சு டீச்சர்!"

"நான் நிக்கலையே. போய் சிக்னல பிடிங்க."

அவர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். முதுகுக்குப் பின்னால் மூச்சு ஒன்று சட்டென்று உள்ளே இழுபடும் சத்தம். சிரிக்கிறாள் என்று நினைத்தார். திரும்பினார்.

கால் கீழே கிடந்தது. அவள் இறக்கியதல்ல.

கெண்டைக்காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றும் சொன்னார்கள். திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்குத் தெரியும், கை எட்டாது. இந்தப் பக்கம் இருந்தவருக்குக் கை எட்டும், தெரியாது.

வந்தவர்கள் எல்லோரும் போனபின் அவர் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டார். அச்சகத்தில் பிழை திருத்தியவர். ஒரு சுருக்கம் இருந்தாலும் கண் அங்கேயே போய் நிற்கும். நான்கு மூலையையும் இழுத்துச் செருகிவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

வழக்கமாக அழைப்பு வரும் வேளை. ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

கட்டில் கிரீச்சிட்டது.

பழைய மரம், சூடு தணிந்தால் முனகும் என்று சொல்லிக்கொண்டார். பிறகு வலித்தைலத்தின் வாசனை வந்தது. அந்தத் தைலப் புட்டியை அவரேதான் குப்பையில் போட்டிருந்தார்.

அறைக்குள் வந்து பார்த்தார். தலையணை நடுவில் குழிந்திருந்தது. விரிப்பில் முதுகின் பள்ளம், இடுப்பின் பள்ளம். பயிற்சியின்போது இடது முழங்காலை மடக்கிப் பாதத்தை ஊன்றச் சொல்வாள் பிசியோ பெண். அந்தப் பாதத்தின் பள்ளமும் இருந்தது. வலது கால் இருக்கவேண்டிய இடம் மட்டும் இழுத்துச் செருகியபடியே வழவழவென்று கிடந்தது.

அவர் கையால் நீவினார். எல்லாம் சமமாயிற்று. கண்ணெதிரிலேயே மெல்ல மெல்ல மறுபடி குழிந்தது.

"ம்ம்ம்..."

பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுக்கும் சத்தம்.

அவர் ஓடவில்லை. ஓட எங்கே இருக்கிறது? வெறும் விரிப்புக்கு மேலே, காற்றில், கையை நீட்டினார்.

விரல்களில் ஏதோ தட்டியது.

சூடாக இருந்தது. நடுங்கிக்கொண்டிருந்தது. கல்லு மாதிரி இருந்தது.

"இறக்கும்மா," என்றார். "இறக்கிடும்மா. போதும்."

தலையணைப் பக்கமிருந்து, காதோடு காதாக, பதில் வந்தது.

"அவ சொல்லல."

பிசியோ பெண்ணை வீடியோவில் அழைத்தார். அவளுக்குச் சாவுச் செய்தி தெரியும். எடுத்தவுடனே அழ ஆரம்பித்தாள். "மன்னிச்சுக்கோங்க ஐயா. அன்னிக்கு நான் திரும்பத் திரும்ப கூப்பிட்டேன், போகவே இல்ல."

"உன்மேல ஒண்ணும் இல்ல தாயி. ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான்."

கைப்பேசியைப் பழையபடி பிஸ்கட் டப்பாவில் சாய்த்தார்.

பெண்ணின் அழுகை நின்றது.

"ஐயா... படுத்திருக்கறது யாரு?"

"உனக்கு என்ன தெரியுது?"

"கால். தூக்கின கால். அந்தத் தழும்பு... ஐயா, கெண்டைக்கால் இப்படி வீங்கியிருக்கே, நீங்க யாரும்..." பாதியில் நிறுத்திக்கொண்டாள். "ஐயா, எனக்குப் பயமா இருக்கு."

"கட் பண்ணிடாதே கண்ணு. இறக்கச் சொல்லு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா."

அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். உதடு ஒட்டிக்கொண்டு பிரிந்தது.

"இறக்குங்கம்மா."

கட்டில் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. வழவழவென்று கிடந்த இடத்தில் தொடையின் பள்ளம் விழுந்தது. பிறகு, மிக மெதுவாக, குதிகாலின் பள்ளம். அடக்கிவைத்திருந்த மூச்சு ஒன்று அறை முழுக்கக் கலைந்தது. தைல வாசனை குறைந்தது. அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பாடா என்று வாய் முணுமுணுத்தது.

திரையில் பிசியோ பெண் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. வாய் மட்டும் தினமும் போகிற தடத்தில் தானாகப் போயிற்று.

"நல்லது. மறுபடி தூக்குங்க."

சொன்ன பிறகுதான் அவள் கண் திறந்தது. கை வாயைப் பொத்தியது.

படம் அப்படியே நின்றது. பொத்திய கை. அதன்மேல் சுற்றும் வெள்ளை வளையம்.

"வேண்டாம்மா!" என்று அவர் விரிப்பின்மேல் விழுந்து இரண்டு கையாலும் அமுக்கினார்.

கைகளுக்கு அடியில் குதிகாலின் பள்ளம் நிரம்பி, உயர்ந்து, வழவழவென்று ஆயிற்று.

அதன்பின் பிசியோ பெண் எடுக்கவில்லை. எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. மருத்துவமனையில் கேட்டதற்கு வேலையை விட்டுவிட்டாள், எங்கே போனாளென்று தெரியாது என்றார்கள். அவர் விடாமல் கெஞ்சியதற்கு இரக்கப்பட்டு, வேறொரு பிசியோவைத் திரையில் பேசவைத்தார்கள். வந்தவர் நல்ல மனிதர். பெரியவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. காலிக் கட்டிலைப் பார்த்து, "இறக்குங்கம்மா, இறக்குங்க" என்று தொண்டை வறளச் சொன்னார்.

"அவ சொல்லல" என்றது தலையணை. திரையில் இருந்தவருக்குக் கேட்கவில்லை.

இப்போது பெரியவர் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கைப்பேசி டப்பாவில் சாய்ந்தபடி இருக்கிறது. சிலசமயம் இரண்டு கையையும் காற்றில் ஏந்துவதுபோல் நீட்டி, "கொஞ்சம் பாரத்த என்மேல போடேன் டீச்சர்" என்கிறார். நடுக்கம் உள்ளங்கையில் தெரியும். பாரம் வராது.

விரிப்பில் ஒரு பாதத்தின் பள்ளம்தான் இருக்கிறது.