ஹாஜி ரஷ்வானின் கசப்புக் காப்பி

செல்போன் அலறியது.

"ஹாஜி... உங்க கஸ்ஸான்... ஒலிவ ஆலை வாசல்ல கிடக்கான்!"

ஓடினார். நெற்றியில் ஓர் ஓட்டை. சட்டையில் குத்திய சீட்டு. 'உளவாளி. தீர்ப்பு: அல்-மீஸான் படை.'

மூத்த மகன் போய்விட்டான். இளையவன் நவ்ரஸ் நான்கு மாதத்துக்கு முன்பே துருக்கிக்கு ஓடியவன். அவனாவது பத்திரமாக இருக்கிறான். அது போதும் ஹாஜி ரஷ்வானுக்கு.

மூன்றாம் நாள். துக்கக் கூடாரம். மாலை அஸர் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது.

பக்கத்து வீட்டு ஃபவாஸ் மூச்சிரைக்க வந்தான்.

"ஹாஜி! படைத் தலைவன் அபு உசைதே துக்கம் கேக்க வர்றானாம்! திமிரப் பாருங்க!"

"வரட்டும். நீ வீட்டுக்குப் போ."

"தனியாவா?"

"காப்பி ஊத்த எனக்குத் துணை வேணுமா? போடா!"

அவன் போனதும் ஹாஜி வேறொரு கெண்டியை எடுத்தார். துக்க வீட்டுக்கே உரிய கசப்புக் காப்பி. ஏலக்காய் மணந்தது. உள்ளே... ஒலிவ மரத்துக்கு அடிக்கும் பூச்சி மருந்து!

ஊற்றுகிறவன் முதல் கோப்பையைக் குடித்தால்தான் விருந்தாளி தொடுவான். தெரியும். அதற்கும் தயார்தான்.

அபு உசைத் வந்து உட்கார்ந்தான். மடியில் துப்பாக்கி.

"உங்க பொறுமைக்குக் கூலி உண்டு, ஹாஜி."

"உண்டு, ஷேக். சீக்கிரமே!"

ஹாஜி முதல் கோப்பையை மடக்கென்று விழுங்கினார். அடுத்ததை நீட்டினார்.

அபு உசைத் வாங்கினான்... குடிக்காமல் தரையில் வைத்தான்!

தெரிந்துவிட்டதா?

இல்லை. விருந்தாளி கோப்பையைக் கீழே வைத்தால் ஏதோ கேட்கப் போகிறான். சரியென்றால்தான் குடிப்பான்.

"கேளுங்க, ஷேக்."

"கஸ்ஸானைச் சுட்டவனை நீங்க மன்னிக்கணும்."

வேறு யார்? இவனேதான்!

"மன்னிச்சேன். குடிங்க!"

"யாருன்னு கேக்கலியே?"

"யாரா இருந்தா என்ன? காப்பி ஆறுது!"

அபு உசைத் சிரித்தான். வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"உள்ள வாடா! உங்க வாப்பா மன்னிச்சிட்டாரு!"

கூடாரத் துணி விலகியது. படை உடுப்பு. தோளில் துப்பாக்கி. புதுத் தாடி.

நவ்ரஸ்!

"நீ... நீ துருக்கியில இல்ல?"

"எல்லையிலயே இவங்க புடிச்சிட்டாங்க, வாப்பா. அண்ணனை நான் சுடலேன்னா என்னைச் சுடுவோம்னாங்க..."

"அழாதடா!" அபு உசைத் தன் கோப்பையை அவன் கையில் திணித்தான். "மன்னிப்பும் உனக்குத்தான். காப்பியும் உனக்குத்தான்."

கத்த வேண்டும்! 'குடிக்காதே' என்று ஒரே ஒரு சொல்!

ஹாஜியின் கண்ணுக்குள் கஸ்ஸானின் நெற்றி வந்து நின்றது. அந்த ஓட்டை...

ஒரு நொடி தாமதித்தார். ஒரே நொடி.

பிறகு பாய்ந்து கோப்பையைத் தட்டிவிட்டார்.

கோப்பை உருண்டது.

காலி!

"வாப்பா... என்ன வாப்பா..." நவ்ரஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினான். ஹாஜி அவனை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டே சரிந்தார்.

அபு உசைத் கெண்டியை முகர்ந்து பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"நல்லவேளை, ஹாஜி... சர்க்கரை இல்லாத காப்பிய நான் தொடுறதே இல்ல!"