அக்காவின் வலிக்கு உரிமம்

பேச்சிமுத்து தன் அக்காவைக் கேலி செய்ய உரிமம் வாங்க வந்திருந்தான். அதற்கென்றே மருத்துவமனையின் தரைத்தளத்தில் ஓர் அறை இருந்தது. சட்டம் எளிமையானது. நோயாளி தன் நோயைப் பற்றி என்ன வேண்டுமானாலும் வேடிக்கை பேசலாம். மற்றவர் பேச வேண்டுமென்றால், அந்த வலியைத் தன் உடம்பில் ஒருமுறையாவது அனுபவித்து உரிமம் வாங்கியிருக்க வேண்டும். மீறினால் கட்டிலுக்கு மேலே தொங்கிப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் சொற்காவலிக் கருவி சிவப்பாக எரியும். அதன்பிறகு கேலி செய்தவரும் வலிப்பட்டவரும் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒருவரையொருவர் பார்க்கவே முடியாது.

இந்தச் சட்டம் வருவதற்குத் தெருவில் இறங்கிக் கையெழுத்து வாங்கியவர்களில் அவன் அக்கா ஆவுடையம்மாளும் ஒருத்தி. அவள் கணவருக்கு நுரையீரல் கெட்டிருந்தது. அலுவலக ஆண்டுவிழாவில் ஒருவன் மேடையேறி, அவர் மூச்சுக்குத் திணறுவதை அப்படியே நடித்துக் காட்டினான். அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த அவரும், "பரவாயில்ல, தமாசுக்குத்தான" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அதனால்தான் ஆவுடை ஒரு விதியைப் பிடிவாதமாகச் சேர்க்க வைத்தாள்: வலிப்பட்டவர் மன்னித்தாலும் அந்த மன்னிப்பு செல்லாது. நியாயமான விதி. மன்னிக்கச் சொல்லி நெருக்க நாலு பேர் எப்போதும் இருப்பார்கள்.

இப்போது அவளுக்கு எலும்பில் புற்று. ஆடி முடியப் போகிறது; ஆவணி தாண்டாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அவர்கள் வீட்டில் கேலி செய்யாத நாள் கிடையாது. அப்பாவுக்குச் சர்க்கரையில் கால் போனபோது அம்மாதான், "தீவாளிக்கு ஒத்தச் செருப்பு எடுத்தாப் போதும்" என்றாள். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த வீட்டில் பிறந்த பேச்சிமுத்து, இந்த இரண்டு மாதமாகச் சொற்காவலிக்குப் பயந்து, "நல்லாயிரும்க்கா" என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. முந்தாநாள் ஆவுடை பொறுமையிழந்தாள்.

"ஏலே, எழவு வீட்டுல நிக்க மாதிரியே வந்து நிக்க. நான் போறதுக்குள்ள ஒருநாளாவது பழைய மாதிரி பேசி என்னைச் சிரிக்க வையேம்ல."

அதற்காகத்தான் வந்திருந்தான். சொல்ல வேண்டியதைக்கூட யோசித்து வைத்திருந்தான்.

நோயாளியின் வலியை மற்றவர் உடம்பில் ஏற்றும் வலிவாங்கி, பார்ப்பதற்குச் சவரக்கடை நாற்காலி போல இருந்தது. இயக்குபவள் அவன் பிடரியில் இரண்டு வில்லைகளை ஒட்டினாள். "பயப்படாதீங்க சார். இது அவங்களோட சாதாரண வலிதான். நேத்து சாயங்காலம் பதிவு பண்ணினது."

பிறகு இடுப்புக்குள் யாரோ கடப்பாரையை இறக்கித் திருகினார்கள். அவனுக்குக் கத்தக்கூட வாய் வரவில்லை. நேற்று சாயங்காலம் என்ற சொல் மட்டும் தலைக்குள் சுற்றியது. நேற்று சாயங்காலம் அவன் அவள் பக்கத்தில்தான் இருந்தான். அவள் ஆரஞ்சை உரித்து, நாரெல்லாம் எடுத்து, சுளை சுளையாக அவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள்.

இயக்குபவள் அவன் மணிக்கட்டில் பச்சைப் பட்டையை மாட்டினாள். "இனிமே நீங்க தாராளமா பேசலாம். இப்ப பட்ட வலி உங்க பேர்ல பதிவாயிருச்சு."

சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே போனான். யோசித்து வைத்திருந்தது ஒன்றும் நினைவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது. வலியைத் தெரிந்துகொண்டவனுக்கு வாய் திறக்க உரிமை கிடைத்தது, வாய்தான் திறக்கவில்லை.

ஆவுடை பட்டையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம்ல தாங்குன?"

"அஞ்சு நிமிசம்."

"அஞ்சு நிமிசத்துக்கா இந்த மூஞ்சி? காது குத்தும்போதே ஊரைக் கூட்டுனவன்தான நீ! வா, நீ இந்தக் கட்டில்ல படு. நான் எந்திரிச்சு ஆரஞ்சு வாங்கிட்டு வந்து உன்னைய நலம் விசாரிக்கேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். உடம்பு குலுங்கிற்று. வலித்திருக்கும், ஆனாலும் நிறுத்தவில்லை. பேச்சிமுத்துவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டான். இரண்டு மாதத்தில் அந்த அறை கேட்ட முதல் சிரிப்பு அது.

சொற்காவலி சிவப்பாக எரிந்தது. அதிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பேச்சிமுத்து பட்ட வலி கேலி செய்யப்பட்டது. அவர் பெயரிலுள்ள வலிக்கு ஆவுடையம்மாளிடம் உரிமம் இல்லை."

"அது அவ வலி!" என்று பேச்சிமுத்து கத்தினான். "அவகிட்ட இருந்துதான வாங்கினேன்!"

"வலி தங்கள் உடலில் நேர்ந்தது. தாங்கள் பாதுகாக்கப்படுகிறீர்கள்."

"எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. நான் மன்னிச்சுட்டேன்!"

"மன்னிப்பு செல்லாது."

பணியாளர்கள் இருவர் வந்தார்கள். முரடர்கள் இல்லை. "வாங்க சார், பார்த்து" என்று நோயாளியைப் பிடிப்பதுபோல அவன் தோளைப் பிடித்தார்கள். அவன் கட்டில் கம்பியை விடவில்லை. ஆவுடைதான் அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"விடுல. அந்த விதியைப் போடச் சொன்னவளே நான்தான்." கலைந்த போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "மண்டலம் கழிச்சு வரும்போது என்னைக் கட்டில்ல தேடாத. வீட்டுக்குப் போ. போட்டோவுல மாலையப் போட்டுக்கிட்டு நல்லாச் சிரிச்சிட்டு இருப்பேன்."

கதவு மூடும்போது பேச்சிமுத்து சொற்காவலியை அண்ணாந்து பார்த்தான். அது பச்சைக்கு மாறியிருந்தது. அவள் சாவு அவளுடையது. அதைக் கேலி பேச அவளுக்கு முழு உரிமை இருந்தது.