இரண்டாம் அடித்தளத்தில் ஐந்து கோடு

அந்தப் பெட்டியின் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்க வேண்டும். அது நின்று எரிந்தது.

லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டு அவசரப் பொத்தானை அழுத்தினால், உதவி மையத்தைத் தானாகவே போனில் கூப்பிடும் பெட்டி அது. உள்ளே ஒரு சிம் கார்டு. டவரைத் தேடும்போது விளக்கு மினுக்கும், கிடைத்துவிட்டால் நின்று எரியும். ஊரிலிருந்த 2ஜி டவர்களில் கடைசி ஒன்றையும் போன வாரம் நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் அவளும் தம்பியும் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, பழைய பெட்டிகளைக் கழற்றிவிட்டு 4ஜி பெட்டிகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து கழற்றிய பெட்டிகள் காலடியில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தன. பாவம், பேட்டரியில் உயிர் இருக்கும்வரை அவை டவரைத் தேடிக்கொண்டேதான் இருக்கும்.

வெளியே மத்தியான வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இங்கே, கார்கள் நிற்கும் இரண்டாம் அடித்தளத்தில், ஈர சிமெண்டும் எஞ்சின் ஆயிலும் கலந்த வாசனை, எங்கோ ஒரு குழாய் சொட்டும் சத்தம், எரிவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒற்றை டியூப்லைட். அவளுடைய போனில் ஒரு கோடுகூட இல்லை. இந்த ஆழத்துக்கு எந்த டவரும் எட்டிப் பார்த்ததில்லை; பெட்டியின் ஆன்டெனாவே தரைத்தளத்தில்தான் இருந்தது, கழற்றுவதற்காக இப்போதுதான் ஒயரோடு கீழே இறக்கியிருந்தாள்.

சோதனைக் கருவியைப் பெட்டியில் செருகினாள். சிக்னல் ஐந்து கோடு. நெட்வொர்க்கின் பெயர் வர வேண்டிய இடம் காலி.

கருவியைப் பிடுங்கி மறுபடி செருகினாள். அதேதான். போன மாதம் டவர்கள் ஒவ்வொன்றாக நின்றபோது, லிஃப்டுகள் ஊமையாகிப் புகார் மேல் புகார். புதுப் பெட்டிகள் வந்தபாடில்லை. வேறு கம்பெனி டவரிலாவது ஒட்டிக்கொள்ளட்டும் என்று எல்லாப் பெட்டிகளுக்கும் ஆபீசிலிருந்தே ஓர் அனுமதி கொடுத்தாள்: கிடைக்கிற எந்த நெட்வொர்க்கிலும் சேர்ந்துகொள்ளலாம். மேலாளர் தட்டிக்கொடுத்தார். பெட்டிகள் சேர்ந்துகொண்டன. யாரோடு என்று ஒருவரும் கேட்கவில்லை.

சிக்னல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிய ஆன்டெனாவைக் கையில் பிடித்து நடந்து பார்ப்பது தொழில் பழக்கம். நீளமான ஒயரை இழுத்துக்கொண்டு, வெளிச்சம் வரும் சரிவுப் பாதையை நோக்கி நடந்தாள். கோடுகள் குறைந்தன. திரும்பி லிஃப்ட் கதவருகே வந்தாள். ஏறின. ஆன்டெனாவை உயரத் தூக்கினாள், குறைந்தது. குனிந்து தரையில் வைத்தாள்.

இதற்குமேல் ஏற முடியாது என்கிற அளவுக்கு ஏறியது.

தரைக்குக் கீழே ஆள் உயரத்துக்கு ஒரு லிஃப்ட் பள்ளம். அதற்குக் கீழே வெறும் மண்.

தம்பி அப்போது தரைத்தளத்தில் லிஃப்டுக்குள் இருந்தான். பழைய பெட்டியைக் கழற்றுமுன் பொத்தானை ஒருமுறை அழுத்தி, ஒயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவது அவர்கள் வழக்கம். கீழே போன் எடுக்காது என்பதால் ஸ்பேனரால் லிஃப்டின் இரும்புச் சுவரில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் எல்லாம் சரி. இரண்டு தட்டு என்றால் ஏதோ கோளாறு. அவனை இந்த வேலைக்கு இழுத்துவந்தவளே அவள்தான். அவன் மனைவிக்கு எட்டாம் மாதம். காலையில்கூட ஏழாம் மாடியில் அவர்கள் வீட்டு வாசலில் நின்று, "பத்திரமா கூட்டிட்டு வந்துடுங்க அண்ணி" என்றாள். அந்தக் கட்டடத்தின் பெட்டியை மாற்றும் முறை நாளைக்கு.

"டேய், அழுத்தாதே!" என்று மேலே பார்த்துக் கத்தினாள்.

பெட்டியின் ஸ்பீக்கர் கரகரத்தது. இரண்டு பக்கப் பேச்சும் அதில் கேட்கும்.

"சொல்லுங்க. கேட்டுக்கிட்டுதான் இருக்கோம்."

உதவி மையத்தில் இப்படிப் பேசமாட்டார்கள். அந்தக் குரல் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. மூச்சு வாங்கும் இடமே இல்லாமல் பேசியது.

"டெஸ்ட் கால்தாங்க," என்றான் தம்பி.

"எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான் ஒருத்தன்தான்."

"வீட்ல?"

தம்பி சிரித்தான். யாரிடமும் வாயடிக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. "வீட்ல பொண்டாட்டி. அவ வயித்துல ஒண்ணு. ரேஷன் கார்டுக்கா கேக்குறீங்க?"

"பயப்படாதீங்க. எல்லாரையும் கீழ கொண்டுவந்துடுறோம்."

லிஃப்ட் நகர்ந்தது.

அவள் பெட்டியின் மூடியைப் பிய்த்து சிம் கார்டைப் பிடுங்கினாள். பேட்டரி ஒயரை வெட்டினாள். விளக்கு நின்று எரிந்தது. கதவிலிருந்த ஒடுக்கமான கண்ணாடியில் முகத்தைப் பதித்துப் பார்த்தாள். முதலில் அவன் செருப்பு வந்தது. பிறகு இடுப்பு. பிறகு முகம். உதடுகள் "அக்கா" என்றன, சத்தம் வரவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் லிஃப்ட் நிற்கவில்லை. முகம் கீழே போனது. லிஃப்டின் கூரை போனது. பின்னாலேயே இரும்புக் கயிறு வழுக்கிக்கொண்டு இறங்கியது.

மெயின் சுவிட்சை இழுத்தாள். டியூப்லைட் அணைந்தது. கயிறு ஓடிக்கொண்டே இருந்தது.

கீழேயிருந்து இரண்டு தட்டு.

இன்னும் கீழேயிருந்து இரண்டு தட்டு.

பிறகு காதைக் கதவில் ஒட்டிவைத்தால் மட்டும் கேட்கிற மாதிரி. பிறகு அதுவும் இல்லை.

இருட்டில் காலடியில் ஏதோ மாறியது. அட்டைப்பெட்டிக்குள் மினுக்கிக்கொண்டிருந்த விளக்குகள் ஒவ்வொன்றாக நின்று எரியத் தொடங்கின. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய போன் அடித்தது.

தம்பி மனைவி.

"அண்ணி, இவரு இப்பதான் போன் பண்ணாரு. அங்க டவர் சூப்பரா இருக்காம். உடனே கிளம்பி கீழ வான்னாரு."

"வராதே! வீட்டுக்குள்ள போ, கதவைச் சாத்து!"

"நான் லிஃப்ட்ல ஏறிட்டேனே அண்ணி." லிஃப்ட் இறங்கும் இரைச்சல் கேட்டது. பிறகு சின்னக் குரலில் சொன்னாள்: "தரைத்தளம் தாண்டிடுச்சு. இன்னும் இறங்குது. நம்ம கட்டடத்துல கீழ மாடியே கிடையாதே அண்ணி?"

குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல. அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். ஐந்து கோடும் நிறைந்திருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.