சிவப்புச் சிலுவை போட்ட டப்பா

மேலே மாத்திரை டப்பா குலுங்கியது. அரிசி களைந்துகொண்டிருந்த சுஜா கையை அப்படியே நிறுத்தினாள். தாராவியின் தகரக் கூரைகளையெல்லாம் பிய்த்துவிடுவது போல ஜூலை மழை கொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கே சந்து இருட்டிவிட்டது. கரண்ட் போனதில் எதிர் கார்கானாவின் தையல் மிஷின்களும் வாயை மூடிக்கொண்டன. அத்தனை இரைச்சலிலும் கிலுகிலுவென்று அது மட்டும் தெளிவாக இறங்கி வந்தது. டப்பாவோ அவள் கண்ணெதிரே, வசனக் காலண்டருக்குக் கீழே, அலமாரியில்தான் இருந்தது.

எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். எலி மாத்திரை குலுக்குமா?

செங்குத்தான இரும்பு ஏணிக்கு மேலே, குனிந்துதான் நடக்க முடிகிற அறையில், அவள் புருஷன் டென்சில் படுத்திருந்தான். கல்லீரலில் பி வைரஸ் என்று தெரிந்த நாளிலிருந்து தினம் ஒரு மாத்திரை. சாப்பிட்டதும் வாயைத் திறப்பான். சுஜாதான் நாக்கில் வைப்பாள். புது டப்பா வாங்கினால் மூடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு சிலுவை போட்டு, ஜெபம் பண்ணித்தான் திறப்பாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஈஸ்டருக்கு முன்னால் வந்த ரிப்போர்ட்டில், ரத்தத்தில் வைரஸ் இல்லை என்று இருந்தது. மாத்திரை அதைக் கட்டி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். என்னைக் கேட்காமல் நிறுத்தினால் கட்டு அவிழ்ந்து கல்லீரலையே தின்றுவிடும் என்று சாயிரா டாக்டர் இந்தியில் பொறுமையாகச் சொன்னார். எலும்பு நோவு, இடுப்பு வலி கண்டால் வந்து சொல்லுங்கள், கிட்னியைப் பார்த்துவிட்டு மாத்திரையை மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னார். வைரஸ் இல்லை என்பதற்கு மேல் சுஜாவின் காதில் எதுவும் ஏறவில்லை. ஈஸ்டர் ஞாயிறன்றே ஜெபக்கூடத்தில் எழுந்து நின்று, கர்த்தர் என் வீட்டுக்காரருக்குப் பூரண சுகம் தந்தார் என்று சாட்சி சொல்லிவிட்டாள்.

நுணலும் தன் வாயால் கெடும். மாத்திரையை விட்டுவிடாதே அம்மா என்று போதகரே சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் சாட்சி சொன்ன வாயோடு வீட்டுக்கு வந்து மாத்திரையை எடுத்து நீட்ட அவளுக்கு வெட்கமாக இருந்தது. இடுப்பு நோகுது என்று டென்சில் முனகியது நல்ல சாக்காகப் போயிற்று. சிலுவை போட்ட நிறை டப்பாவை அப்படியே சந்து முனையில் ஓடும் நாலா என்ற பெரிய சாக்கடையின் கறுப்புத் தண்ணீரில் எறிந்தாள். நிறுத்தியது தெரிந்தால் அவன் பயப்படுவான் என்று, காலி டப்பா ஒன்றில் வெள்ளைக் கால்சியம் மாத்திரைகளை நிரப்பினாள். அந்த மூடியில் இருந்த சிலுவையை மட்டும் பிளேடால் சுரண்டிவிட்டாள். அதன் கீழே பொய்யை வைக்க மனம் வரவில்லை. அவன் நம்பி வாயைத் திறந்தான். அவளும் வைத்தாள்.

இப்போது சோறு இறங்கவில்லை. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. மாத்திரை எந்த நாளாவது விட்டுப்போனதா என்று டாக்டர் நேற்று போனில் கேட்டார். ஒரு நாளும் விடவில்லை, என் கையாலேயே கொடுக்கிறேன் என்றாள் இவள். கண் மஞ்சளித்தால், பேச்சு குழறினால், கை படபடத்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் கூட்டி வாருங்கள் என்றார். காலையில் கண் மஞ்சளாகத்தான் இருந்தது. மழை விடட்டும் என்று இருந்துவிட்டாள். அவன் செத்துப்போவானோ என்பதைவிட, அவனுக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது. அதை நினைக்கத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுபடியும் குலுங்கியது.

ஏணிப் படி ஒன்றிலிருந்து சொட்டு விழுந்தது. கூரை ஒழுகுகிறது என்று துணியை எடுத்துத் துடைத்தாள். துணி கறுத்தது. நாலாவின் நாற்றம். அதோடு இன்னொரு வாடையும், அழுகிய பழத்தைப் போலத் தித்திப்பாக.

“என்னங்க, முழிச்சிருக்கியளா?”

கிலுகிலு.

ஏறினாள். படிகள் வழுக்கின. மேலே இருட்டு. சுவரைப் பார்த்து அவன் உட்கார்ந்திருந்தான். வலது கை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது, கழுத்தறுத்த கோழியின் சிறகு போல. சத்தம் அந்தக் கையிலிருந்துதான் வந்தது.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம். நாந்தான் மாத்திரைய மாத்திட்டேன். உங்களுக்கு நான் குடுத்தது அது இல்ல.”

கை நின்றது. சத்தம் நின்றது. மழைகூட நின்றது போலிருந்தது.

அவன் திரும்பினான். கண்கள் மஞ்சள் கிழங்கு நிறம். விரல்களுக்கிடையே ஒரு டப்பா. கறுப்புத் தண்ணீர் சொட்டியது. மூடியில் சிவப்புச் சிலுவை. சுரண்டாத சிலுவை.

“தெரியும் பிள்ள,” என்றான் சாந்தமாக. “இன்னைக்காவது இதுல உள்ளத குடு.”

வழக்கம் போல வாயைத் திறந்தான்.

நாக்கின் மேல் வெள்ளை மாத்திரைகள். நாக்குக்கடியிலும். தொண்டைக்குள்ளும், கண் போகிற ஆழம்வரை. ஈஸ்டர் முதல் அவள் வைத்த அத்தனையும். ஒன்றுகூடக் கரையாமல்.

இன்னும் அகலமாகத் திறந்து, அவன் காத்திருந்தான்.