சராசரியால் நிரப்பிய புள்ளி

செய்மதிப் படத்தை மூன்று தடவை இறக்கிப் பார்த்தும் அந்தப் புள்ளி கறுப்பாகவே வந்தது.

கமலேஸ்வரி திருகோணமலையில் பௌதிகவியல் விரிவுரையாளர். வெயில் படும்போது மேல்வளியின் நைதரசன், கண்ணுக்குத் தெரியாத ஊதாக்கடந்த ஒளியில் மினுங்கும். செய்மதி அதை நண்பகலில் அளந்து அனுப்பும். மினுக்கம் எவ்வளவோ அவ்வளவு நைதரசன். கறுப்பென்றால் நைதரசனே இல்லை, காற்றே இல்லை. வானத்தில் ஒன்றுமில்லாமல் போகுமா? கருவியில் பழுது என்று எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்துவந்தாள்: கணினியில் ஒரு விசையைத் தட்டி, அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் சராசரியால் நிரப்பிவிடுவாள். மாதக்கணக்காகக் கூசாமல் நிரப்பியிருந்தாள்.

அன்று ஏதோ உறுத்த, நிரப்பாத பழைய படங்களை விரித்தாள். கறுப்பு முதலில் வெருகலுக்கு அப்பால் ஒரு குடியிருப்பின் மேல். பிறகு இலங்கைத்துறைப் பக்கம் மீனவர் தங்கும் ஒரு மீன்வாடி. இரண்டிடத்திலும் ஆட்கள் காயமே இல்லாமல் செத்துக் கிடந்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். யுத்த காலம், யார் கேட்பது? வாடிப் பிணங்களின் பெயர்களை எழுதப் போனவர் அவள் கணவர், கிராம சேவகர் குணரத்தினம். இப்போது கறுப்பு, அவர் வேலை செய்யும் ஈச்சிலம்பற்றின் மேல்.

தொலைபேசியை எடுத்தாள்.

"உடனே வெளிக்கிட்டு இங்கை வாங்கோ."

"ஏன், என்ன நடந்தது?"

"ஒண்டும் கேளாதேங்கோ. வாங்கோ."

குணரத்தினம் சிரித்தார். "ஓம், வாறன். நீர் முதல் மூச்சை விடும்."

மறுநாள் ஈச்சிலம்பற்றின் மேல் மினுக்கம் திரும்பியிருந்தது. தப்பிவிட்டார் என்று வாய்விட்டு அழுதாள். கறுப்பு மூதூருக்கு வந்திருந்ததை அந்தச் சந்தோசத்தில் யோசிக்கவில்லை. அவரும் அன்று மூதூரில்தான், படகுக்குக் காத்திருந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் வந்து சேர்ந்தார். கதிரையில் இருந்தார். உப்புக்காற்றும் பழைய மீனும் கலந்த வாடை அவரோடு வீட்டுக்குள் வந்தது. குசினியில் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீரின் கொதிப்பும், துறைமுகத்துக் கடற்படைப் படகின் உறுமலும், மதிலில் காகங்களின் சண்டையும், யாரோ ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வருவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின.

கணினியில் அன்றைய படம் வந்தது.

நகரத்தின் மேல் கறுப்பு.

ஈச்சிலம்பற்று. மூதூர். இங்கே. அவர் வந்த வழி. கூப்பிட்டது அவள்தான்.

"என்ன பாக்கிறீர்?" எல்லாம் அடங்கியும் அவர் குரல் மட்டும் கேட்டது.

திரும்பினாள். அவருடைய சட்டைப்பையில் பேனை. மூச்சுக்கு ஏறவில்லை. இறங்கவில்லை. எண்ணிப் பார்த்தாள். நூறு வரை எண்ணினாள். பேனை அசையவில்லை.

திரையின் பக்கம் திரும்பி, நிரப்பும் விசையைத் தட்டினாள். விரல் வழுக்கியது. பின்னால் கதிரை நகர்ந்தது. மூச்சை இழுத்தாள். இழுக்க ஒன்றுமில்லை.

குளிர்ந்த கையொன்று அவள் விரலின் மேல் அமர்ந்து, விசையை மெல்ல அழுத்தியது. திரையில் திருகோணமலை ஒரு பழுதும் இல்லாமல் மினுங்கியது.