பூட்டுக்கடைக்காரரின் முகம்

"செத்துப்போனவனா இருந்தா அழுது தீர்த்திருப்பேன் சார். இது அதுவுமில்ல, இதுவுமில்ல," என்றாள் தையல்காரி. துப்பறிவாளர் நீட்டிய தண்ணீரை அவள் தொடவே இல்லை.

வீட்டை விட்டுப் போன தம்பியைப் பற்றித்தான் பேச்சு. சிறுவயதிலிருந்தே மூச்சிழுப்பு நோய்க்காரன். ஓணான் மாதிரி ஒல்லி. "வேலைக்கு லாயக்கில்லாதவன்" என்று அப்பா ஒருநாள் சொன்ன சொல் தைத்துவிட்டது. "இழுப்பு போனப்புறம்தான் இந்த வாசப்படியை மிதிப்பேன்" என்று கிளம்பியவன் ஆண்டுக்கணக்காய்த் திரும்பவில்லை. தெருவில் யாராவது இருமினால்கூட அவள் மிஷினை நிறுத்திவிட்டுக் காதுகொடுப்பாள்.

நேற்று, ஆற்றுப்பாலத்துக்கு அப்பால் ஒரு பூட்டுக்கடையைக் கடந்தபோது அவன் குரல் கேட்டது. ஓடினாள். திரும்பிய முகமோ பூசணிக்காய் போல உருண்டு சிவந்திருந்தது.

"அவர்கிட்ட என்ன கேட்டீங்க?"

"'உங்க குரலை எங்கயோ கேட்டிருக்கேனே'ன்னேன். அவ்வளவுதான். 'எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் கிடையாதும்மா, போங்க'ன்னார். குரல் அவனுது, உடம்பு வேற யாருதோ. எது பொய் சார்?"

துப்பறிவாளரின் மைத்துனன், துப்பு என்றால் சோறு தண்ணி மறக்கிறவன், குறுக்கிட்டான். "ஒரே மாதிரி குரல் ஆயிரம் பேருக்கு இருக்கும் அத்தான். ஓணான் யானையாகுமா?"

"போய்ப் பார்த்துட்டுப் பேசலாம் மாப்பிள்ளை."

மறுநாள் இருவரும் ஒரு பழைய பூட்டோடு போனார்கள். கடைக்காரர் சாவியை அராவிக்கொண்டே பன் தின்றார். அது முடிந்ததும் இன்னொன்றைப் பிரித்தார். தொப்பை மேசையை முட்டியது. ஆனால் கைகளும் கால்களும் குச்சி குச்சியாக இருந்தன. பிடரியில் திமில் போல ஒரு சதைமேடு. முன்கையில் கன்றிப்போன நீலத் திட்டுகள். மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். ஒரு பொட்டலத்தைப் பிரித்து, பொடியை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"என்ன மருந்துங்க?" என்றார் துப்பறிவாளர்.

"மூச்சு விடுறதுக்குத்தான். தெரிஞ்ச ஒருத்தர் தர்றார்."

மாலையில் துப்பறிவாளர் தையல்காரியையும் அழைத்துக்கொண்டு அதே கடைக்கு வந்தார். அவளைக் கண்டதும் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வெறும் சாப்பாட்டால பெருத்த உடம்புன்னா கைகாலும் கூடவே பெருக்கும்," என்று நிதானமாகத் தொடங்கினார் துப்பறிவாளர். "இவருக்கு முகமும் நடு உடம்பும் மட்டும்தான் ஊதியிருக்கு. என் மனைவி டாக்டர், அவகிட்ட கேட்டேன். அந்தப் பொடியில ஸ்டீராய்டு கலந்திருக்கும்கிறா. நம்ம உடம்பே சுரக்கிற ஒரு ஹார்மோனோட வேலையை அது அளவுமீறிச் செய்யும். இழுப்பு அடங்கும், ஆனா பசி அடங்காது. முகத்திலயும் வயித்திலயும் பிடரியிலயும் கொழுப்பு சேரும், கைகால் சதை கரையும்."

"அதுல இவர் யாருன்னு தெரியலையே அத்தான்?"

"தெரியாது. முகம் எப்படி மாறுச்சுன்னுதான் தெரியும். யாருன்னு அவரே சொல்லிட்டார். இந்தம்மா குரலைப் பத்திதானே கேட்டாங்க? கூடப்பிறந்தவங்க பேச்சை எடுத்தது யாரு?"

கடைக்காரர் கையிலிருந்த அரம் நழுவியது.

"இழுப்பு நின்னதும் வீட்டுக்கு வர பஸ் ஏறிட்டேன் அக்கா," என்றான் தம்பி. "ஜன்னல் கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்த்துட்டு பாதியிலேயே இறங்கிட்டேன். எவ்வளவு தின்னாலும் பசிக்குது. தின்னு பெருத்துட்டு வந்து நிக்கிறான்னு அப்பா சொல்வாரேன்னு கூசிப்போச்சு. உன்னைப் பார்க்காம இருக்கவும் முடியல. அடுத்த தெரு வரைக்கும் எத்தனையோ தடவை வந்துட்டுத் திரும்பியிருக்கேன்."

"உன் தப்பு இல்லடா," என்று அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன் மெலிவு அவளைத் திடுக்கிட வைத்தது.

"பொடியை இன்னிக்கே தூக்கிப் போட்டுடாதீங்க," என்றார் துப்பறிவாளர். "திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

மைத்துனன் வண்டி பிடிக்க ஓடினான். தம்பி கடைக்கதவை இழுத்துச் சாத்தினான்.

"அப்பாவுக்கு இன்னும் என்மேல கோவமாக்கா?"

போன மழைக்காலத்தில், கடைசிவரை வாசலையே பார்த்தபடி கண்மூடியவரைப் பற்றி நடுத்தெருவில் எப்படிச் சொல்வது?

"கோவமே இல்லடா," என்றாள் அவள். "வா, முதல்ல டாக்டர்கிட்ட போகலாம்."