மாதிரிப் பாடத்தில் விழுந்தவர்

"விஷம்! தண்ணியில விஷம்!"

நாலாம் பாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அலறிக்கொண்டு எழுந்தார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த துணைத் தலைமையாசிரியர் நடராசன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தார். பக்கத்தில் இருந்த பித்தளை டம்ளர் உருண்டது. அதிலிருந்து வழிந்த தண்ணீர் நீலமாக இருந்தது. அவர் உதட்டிலும் அதே நீலம்.

1946, ஆடி மாதம், ஒரு புதன்கிழமை முற்பகல். அரியலூருக்கும் கீழப்பழுவூருக்கும் நடுவே, ஊர்க் கமிட்டி நடத்தும் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம்.

அவரைத் தூக்கிப் பெஞ்சில் படுக்க வைக்கிறார்கள். வைக்கட்டும். அதற்குள் கொஞ்சம் முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. நீங்களும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாருங்கள். உங்களிடம் நான் எதையும் ஒளிக்கப் போவதில்லை.

கரும்பலகை முன்னால் நின்ற பெண்ணின் பெயர் லீலா மேரி. வரதராஜன்பேட்டைக்காரி, சயன்ஸ் டீச்சர். இரண்டு வருஷமாகத் தற்காலிகம். அவளை நிரந்தரம் செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று இந்த மாதம் முடிவாக வேண்டும். அதற்காகத்தான் அன்றைக்கு மாதிரிப் பாடம். மதிப்பிட இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தின் சார்பில் நடராசன். சர்க்கார் சார்பில் திருச்சியிலிருந்து வந்த இன்ஸ்பெக்ட்ரஸ் ஹபீபா.

போன வருஷமே நடராசன், "குரல் எடுபடவில்லை" என்று சொல்லி அவளைத் தள்ளிப்போட்டவர். இந்தத் தடவையும் கூடாது என்றால் அவ்வளவுதான். ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்ட டீச்சரை இன்னொரு கமிட்டி சீந்தாது. "பி.ஏ., எல்.டி. எல்லாம் போதும், வந்து முந்திரிக்கொட்டை உடை" என்று ஊரில் அண்ணன் காத்துக்கொண்டிருந்தான்.

பாடம், படிகங்கள். மேஜைமேல் ஒரு கண்ணாடி ஜாடி, அதில் நீலத் தண்ணீர். நூலில் கட்டித் தொங்கவிட்ட சின்ன நீலக்கல் ஒன்று அதற்குள் வளர்ந்துகொண்டிருந்தது.

"இது மயில்துத்தம். கல்கண்டு மாதிரி இருக்கேன்னு வாயில போட்டுறாதீங்க. அப்பறம் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா எனக்கு மார்க் போட மாட்டாங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஹபீபா சிரிக்கவில்லை. அவர் டீச்சர்களின் முகத்தைவிடக் கைகளை அதிகம் பார்ப்பவர். பயந்த டீச்சரைக் கை காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் கணக்கு. லீலா மேரியின் கை நடுங்கவில்லை.

பாதிப் பாடத்தில் நடராசன் செருமினார். "டீச்சர், தொண்டை வறளுது. கொஞ்சம் தண்ணி."

லீலா மேரி பாடத்தை நிறுத்தினாள். மூலையில் இருந்த மண்பானையில் மொண்டு, பள்ளிக்கூடத்து டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நடராசன் தலையை நிமிர்த்தி, டம்ளரை ஒரு சாண் உயரே தூக்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் தொண்டைக்குள் ஊற்றிக்கொண்டார். கொஞ்சம் மிச்சம் வைத்து டம்ளரைப் பக்கத்தில் வைத்தார். இடுப்பிலிருந்து மூக்குப்பொடி டப்பியை எடுத்துக் குனிந்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாடம் மேலே போயிற்று. சற்று நேரத்தில்தான் நடராசன் போட்ட அந்த அலறல்.

இப்போது பெஞ்சுக்கு வருவோம்.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஓடிவந்தார். "நாக்க நீட்டுங்க சார்."

நீட்டினார். வெற்றிலைச் சிவப்பு. நீலம் இல்லை.

"நாக்கு சுத்தமாத்தான் இருக்கு. ரொம்ப உள்ள போகல போலருக்கு, தப்பிச்சீங்க. பால் குடுங்கம்மா, நெறயக் குடுங்க."

தலைமையாசிரியை மரிய புஷ்பம் செம்பு நிறையப் பால் கொண்டுவந்தார். நடராசன் முனகிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து, அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொண்டு, மறுபடி முனகிக்கொண்டே படுத்தார்.

பன்னிரண்டு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் மாயவன் சைக்கிளில் வந்து இறங்கினார். தலைமையாசிரியை அறையில் விசாரணை.

"ஒம் பேரு?"

"லீலா மேரி."

"தண்ணி குடுத்தது யாரு?"

"நாந்தாங்க."

"அந்த ஜாடி யாருது?"

"என்னுதுதான். பாடத்துக்கு வச்சது."

"அதுல இருக்கறது விஷம்னு தெரியுமா?"

"தெரியும். புள்ளைங்களுக்கே சொன்னேனே."

"அவரு போன வருஷம் ஒன்னப் பத்தி நல்லவிதமா சொல்லல. ஒனக்குக் கோவம்."

"கோவந்தாங்க. அதுக்காக நல்லாப் பாடம் நடத்திக் காட்டணும்னுதான் நெனச்சேன். ஆளக் கொல்லணும்னு நெனக்கல."

"வாய் நீளமா இருக்கே! குரல் எடுபடலன்னு சொன்னாங்க?"

அடுத்து பியூன் பிலவேந்திரன்.

"பானைக்குத் தண்ணி கொண்டாந்தது யாரு?"

"நாந்தான் சாமி. ஆனா அதே தண்ணிய நானும் குடிச்சேன். புள்ளைங்க குடிச்சிச்சி. குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன் பாருங்க."

"ஒன்ன யாருய்யா கல்லுன்னு சொல்லச் சொன்னா? போ."

கமிட்டித் தலைவர் கொளஞ்சியப்பன் வேர்க்க விறுவிறுக்க வந்தார். அரியலூரில் மண்டி வைத்திருப்பவர். ஊர்ப் பேச்சுக்குப் பயப்படுபவர்.

"பானையில இல்லன்னா ஜாடியிலேர்ந்துதானே வந்திருக்கணும்? போலீஸ் கேசானவளை வச்சிக்கிட்டா ஒருத்தன் பொம்பளப்புள்ளைய அனுப்புவானா? இப்பவே நிறுத்திடுவோம். நடராசன் சார் மருமவன் செல்லதுரை எல்.டி. வாத்தியார் படிப்பு முடிச்சிட்டு சும்மாதான் இருக்காப்ல. நாளைக்கே வரச் சொன்னா வந்துடுவாப்ல."

லீலா மேரி தலைகுனியவில்லை. புடவைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். அப்படி நிற்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று நமக்குத் தெரியும்.

அதுவரை பேசாதிருந்த ஹபீபா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தலைவர் ஐயா, நான் மதிப்புப் போட வந்தவ. இன்னும் போடல. நான் போடறதுக்கு முன்னால யாரையும் நிறுத்தவும் முடியாது, சேக்கவும் முடியாது."

"இது போலீஸ் விவகாரம்மா," என்றார் மாயவன்.

"அதுக்கும் எங்கிட்ட சாட்சி இருக்கு. பாடம் தொடங்கினதுலேர்ந்து தண்ணி குடுக்கற வரைக்கும் இந்தப் பொண்ணோட கையிலேர்ந்து நான் கண்ண எடுக்கல. பானையில மொண்டா. நேரா கொண்டுபோய்க் குடுத்தா. ஜாடிப் பக்கம் போகல."

"அப்ப டம்ளர்ல நீலம் எப்படி வந்துச்சு? வானத்துலேர்ந்தா?"

"வாங்க, அவரையே கேட்டுருவோம். பிலவேந்திரன், அதே பானையிலேர்ந்து எல்லாருக்கும் ஒரு டம்ளர் தண்ணி."

கொளஞ்சியப்பன் பதறினார். "அதே பானையா? அம்மா, எனக்குப் புள்ளகுட்டி இருக்கு!"

"எனக்கும் இருக்காங்க. நானும்தான் குடிக்கப் போறேன்."

வகுப்பறைக்குப் போனார்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பியாயிற்று. நடராசன் பெஞ்சில் சுவரோரம் சாய்ந்திருந்தார். உதட்டில் நீலம் காய்ந்து பொருக்காக இருந்தது. கம்பவுண்டர் அருகில் நின்றார்.

பிலவேந்திரன் தண்ணீர் கொடுத்தான். மாயவன் அண்ணாந்து குடித்தார். கொளஞ்சியப்பன் கண்ணை மூடிக்கொண்டு அண்ணாந்து குடித்தார். மரிய புஷ்பமும் அப்படியே. ஹபீபா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து, டம்ளரை வாயில் வைத்து, மூன்று மிடறாகக் குடித்தார்.

"இப்ப ஒருத்தர் உதட்ட ஒருத்தர் பாருங்க. யார் உதடு நனைஞ்சிருக்கு?"

பார்த்தார்கள். ஹபீபாவின் உதடு மட்டும்.

"எனக்கு லப்பைக்குடிக்காடு. எங்க அத்தா சின்னதுலயே சொல்லிக் குடுத்தது, உக்காந்து, வாய் வச்சு, மூணு மிடறா குடிக்கணும்னு. உங்களுக்கு அண்ணாந்து குடிக்கறது மூச்சு விடற மாதிரி. யாரும் பார்க்கறதில்ல. எனக்கு இன்னிக்கும் அது வேடிக்கைதான். நின்னு பார்ப்பேன். காலையிலயும் பார்த்தேன்." ஹபீபா எழுந்தார். "நடராசன் சார் ஒரு சாண் மேலேர்ந்து ஊத்தினாரு. தண்ணி நேரா தொண்டைக்குப் போச்சு. அதுல மயில்துத்தம் இருந்திருந்தா நாக்கு, தொண்டை எல்லாம் நீலம் பட்டிருக்கணும். நாக்கு எப்படி இருந்துச்சு, கம்பவுண்டர்?"

"வெத்தலைச் செவப்புங்க."

"உள்ள படாத நீலம் உதட்டுல எப்படி வந்துச்சு?"

நடராசன் ஈனக்குரலில் சொன்னார். "அவசரத்துல... வாய் வச்சிருப்பேன்."

"எச்சில்னு பள்ளிக்கூடத்து டம்ளர்ல நீங்க வாய் வச்சதே இல்லையே சார்," என்றார் மரிய புஷ்பம்.

"தாகம். பட்டிருக்கும்."

"பால் குடிச்சீங்களே, அப்ப?" என்றார் ஹபீபா. "விஷம் குடிச்சு உயிர் போற நேரம். எழுந்து உக்காந்து, அண்ணாந்து, ஒரு சொட்டு மோவாயில படாம ஊத்திக்கிட்டீங்க. சாகப் போற நேரத்துலயும் வாய் வைக்காத மனுஷன், சாதாரணத் தாகத்துக்கா வாய் வச்சிருப்பாரு?"

மாயவனின் கை தானாகத் தன் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

"விஷம் குடிச்சவன்னா உதடு நீலமா இருக்கணும்னு நெனச்சாரு. பூசிக்கிட்டாரு. தான் எப்படிக் குடிக்கிறோம்னு அவருக்கே ஞாபகம் இல்ல. தினமும் செய்யறதுல்ல? மறந்துபோச்சு."

"அப்ப அந்தத் துத்தம் ஏது?" என்றார் கொளஞ்சியப்பன். "ஜாடியத்தான் யாரும் தொடலங்கறீங்க."

"நாட்டு மருந்துக் கடையில கேட்டா குடுக்கறான். வெதைச் சோளத்துல பூஞ்சை புடிக்காமப் போடறதுதானே? இன்னிக்கு என்ன பாடம்னு முன்கூட்டியே இவருகிட்டதான் டீச்சர் சொல்லணும். மேஜையில மயில்துத்தம் இருக்கப் போகுதுன்னு தெரிஞ்சவரு இவரு ஒருத்தர்தான்." ஹபீபா மாயவன் பக்கம் திரும்பினார். "இன்ஸ்பெக்டர், நீங்க பொடி போடுவீங்க போலருக்கே? மூக்கு சொல்லுது."

"போடுவேம்மா. இன்னிக்கு டப்பிய மறந்துட்டு வந்து மண்டை இடிக்குது."

"சார்கிட்ட ஒரு சிட்டிகை கேளுங்க. தண்ணி குடிச்சதும் டப்பிய எடுத்தாரு. ஆனா தும்மவும் இல்ல, உறிஞ்சவும் இல்ல. குனிஞ்சாரு, துண்டால மூஞ்சியத் தொடச்சாரு, அவ்வளவுதான்."

மாயவன் கையை நீட்டினார். "குடுங்க சார், ஒரு சிட்டிகை."

நடராசனின் கை இடுப்புக்குப் போகவில்லை. துண்டை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டது.

"நாப்பது வருஷமா பொடி போடறேன்," என்றார் மாயவன். "பொடி கேட்டு இல்லன்னு சொன்னவனை நான் பாத்ததில்ல." குனிந்து தானே டப்பியை உருவித் திறந்தார். பொடி இல்லை. அடியில் பொடித்த மயில்துத்தம், வெளிர்நீலமாக.

நடராசன் முனகலை நிறுத்திவிட்டார். வயிற்றிலிருந்து கையை எடுத்தார். வலி எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது.

"குடிக்கலம்மா. மிச்சத் தண்ணியில போட்டேன். விரலால கலக்கி உதட்டுல தடவிக்கிட்டேன். அந்தப் பொண்ண வேலையை விட்டு அனுப்பினா போதும்னுதான். ஜெயிலுக்கு அனுப்பணும்னு இல்ல. மருமவன் மூணு வருஷமா எங்க வூட்டுலயே..."

"குரல் எடுபடலைன்னு இந்த வருஷம் சொல்ல முடியல, அதானே?" என்றார் ஹபீபா.

நடராசன் உதட்டுப் பொருக்கை நகத்தால் சுரண்டினார். லீலா மேரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை, அழவும் இல்லை.

மாயவன் அவரைக் கூட்டிக்கொண்டு போன பிறகு கொளஞ்சியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்பா பேசிட்டேன் டீச்சரம்மா, மனசுல வச்சிக்காதீங்க. நடந்த கஷ்டத்துக்கு, இன்னிக்கே ஒங்களை நிரந்தரம் பண்ணிடறோம். பாவம், எவ்வளவு பயந்திருப்பீங்க. என்னம்மா, சரிதானே?" கடைசிக் கேள்வி ஹபீபாவிடம்.

ஹபீபா வாய் திறப்பதற்குள் லீலா மேரி முந்திக்கொண்டாள்.

"வேணாங்க."

"என்னது?"

"பாவம்னு குடுக்கற வேலை வேணாங்க. நாளைக்கு யாராவது, 'இவ விஷக் கேசுல தப்பிச்சதால வேலையில இருக்கறவ'ன்னு சொல்லுவாங்க. நான் பாடம் நடத்தத் தெரிஞ்சவன்னு சொல்லணும். முழுசாப் பாருங்க. புடிக்கலைன்னா அனுப்பிடுங்க, போயிடறேன்."

மரிய புஷ்பம் அவள் கையைப் பிடித்து அமுக்கினார், பேசாதே என்பதுபோல. அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"எப்ப பார்க்கட்டும்?" என்றார் ஹபீபா.

"இப்பவே. புள்ளைங்க வெளியில வேப்பமரத்தடியிலதான் நிக்கிறாங்க."

மூன்று மணி ரயிலை விட்டால் ஹபீபாவுக்கு மறுநாள்தான். அவர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கொளஞ்சியப்பனும் தயங்கித் தயங்கிப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து முப்பது வருஷம் இருக்கும்.

முதலில் லீலா மேரியின் குரல் தடுமாறியது. ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், நடராசன் சாருக்கு என்னாச்சு?" என்று கேட்டது. "அவருக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. நீ சொல்லு, தண்ணி வத்தினா கல்லு ஏன் பெருசாகுது?" என்றாள். அதற்குப் பிறகு குரல் தடுமாறவில்லை. வெளியே வாய்க்காலோரம் போன வண்டிக்காரன் மாட்டை நிறுத்திக் கேட்டான் என்று பிலவேந்திரன் பின்னால் சொன்னான். அவன் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான்.

பாடம் முடிந்து பிள்ளைகள் போனார்கள். மேஜைப் பக்கம் நின்ற லீலா மேரியின் கை அப்போதுதான் நடுங்கியது.

ஹபீபா எழுந்து வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"வலப்பக்கம் உக்காந்திருக்கற புள்ளைங்களையே கேக்கறீங்க. இடப்பக்கம் ஜன்னலோரம் ரெண்டு பேரு தூங்கிட்டாங்க. ஒருத்தி பதில் தெரிஞ்சும் எழுந்திருக்கல. அதை நீங்க பார்க்கல."

"ஆமாங்க," என்றாள் லீலா மேரி.

"அது பெரிய குறை. சரி பண்ணணும்." ஹபீபா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே நின்று திரும்பினார். "அடுத்த ஆடிக்கு நான் வரும்போது, ஜன்னலோரப் புள்ளைங்க எனக்குப் பதில் சொல்லணும். அதுக்குள்ள ஒங்களுக்கு ஒரு வருஷம் இருக்கு."

கொளஞ்சியப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப மதிப்பு என்னன்னு சொல்லாமப் போறாங்களே?" என்று மரிய புஷ்பத்தைக் கேட்டார்.

"சொல்லிட்டாங்களே, இனிமே இவ நம்ம டீச்சர்தான்," என்றார் மரிய புஷ்பம். லீலா மேரியைக் காட்டினார். அவள் இடப்பக்கத்து ஜன்னலோரம் போய், பிள்ளைகள் தூங்கிய பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்து, முன்வரிசைக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.